ஓட்டுநர் இல்லா டிரக்: வளைவில் டிரெய்லர் ஏபிஎஸ் எச்சரிக்கை வந்து வண்டி ஓரங்கட்டி நின்றுவிடுகிறது, உதவி தேவை

தானோட்டி:
அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தானாக ஓடும் சரக்கு டிரக் ஒன்றைச் சோதிக்கிறோம், இப்போதைக்குப் பாதுகாப்புக்கு ஓர் ஓட்டுநர் உள்ளே இருக்கிறார். குறிப்பிட்ட ஒரு டிரெய்லரை மாட்டினால் மட்டும் ராம்ப் (நெடுஞ்சாலையில் ஏறி இறங்கும் இணைப்புச் சாலை) வளைவில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கோளாறு என்று செய்தி வருகிறது. சில விநாடிகளில் போயும்விடுகிறது, ஆனால் அதற்குள் மென்பொருள் வண்டியை ஓரங்கட்டிவிடுகிறது. டிரெய்லருக்கு வெளியே இருக்கும் மஞ்சள் விளக்கும் கூடவே எரிந்து அணைகிறது. வீல் சென்சார் எல்லாம் சரி, கோளாறுக் குறியீடு (ஃபால்ட் கோட்) எதுவும் பதிவாகவில்லை. இந்தச் செய்தியையே வடிகட்டிவிடலாமா?

ஏர்பிரேக்:
வடிகட்ட வேண்டாம், முதலில் டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு முனை (பின்) கேபிளைப் பாருங்கள். டிரெய்லர் ஏபிஎஸ்ஸுக்குக் கரண்ட் போவது அதில் இருக்கும் நீலக் கம்பியில்தான். வளைவில் அந்தச் சுருள் கேபிள் இழுபடும்போது பின் முனை தளர்ந்திருந்தால் கரண்ட் ஒரு கணம் அறுந்துவிடும். திரும்ப வந்ததும் ஏபிஎஸ் பெட்டி புதிதாக ஆன் செய்ததுபோல விளக்கைச் சில விநாடி எரியவிட்டுச் சோதித்து அணைக்கும், நீங்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். கோளாறுக் குறியீடு பதிவாகாததும் அதனால்தான். தரைக்கம்பியின் (எர்த்) பின் முனையையும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், அரித்துப் பச்சையாகப் பூத்திருந்தால் சாக்கெட்டையே மாற்றிவிடுங்கள்.

கேன்பஸ்:
ஏர்பிரேக் அண்ணா சொன்னது சரி. இன்னொன்றும் இருக்கிறது. அந்த விளக்குச் செய்தி ஜே2497 என்ற தகவல் தொடர்பு முறையில் அதே கரண்ட் கம்பி வழியாகத்தான் வருகிறது, யார் அனுப்பினார்கள் என்று சரிபார்க்கும் வசதி அதில் கிடையாது. அருகிலிருந்து ரேடியோ அலை மூலம் பொய்ச் செய்தியைப் புகுத்த முடியும் என்று 2022இல் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையே எச்சரித்திருக்கிறது. அப்படியிருக்க, இந்த ஒரு செய்தியை வைத்தே வண்டி நெடுஞ்சாலையில் நிற்குமென்றால் யார் வேண்டுமானாலும் அதை நிறுத்திவிடலாம். பிரேக் காற்றழுத்தம், சக்கர வேகம் இரண்டோடும் ஒப்பிட்ட பிறகுதான் மென்பொருள் முடிவெடுக்க வேண்டும். ஏபிஎஸ் போனாலும் பிரேக் போய்விடாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வேலை மட்டும்தான் நிற்கும். அதனால் வேகத்தைக் குறைத்து, முன் வண்டியோடு இடைவெளியைக் கூட்டி, அடுத்த வெளிவழியில் இறங்கி நிற்பதுதான் உத்தமம்.

விதிநூல்:
நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க மத்திய அரசின் விதி 49 சிஎஃப்ஆர் 392.22படி நின்ற 10 நிமிடத்துக்குள் எச்சரிக்கை முக்கோணங்களை வைத்தாக வேண்டும், நடுவில் பிரித்த சாலையென்றால் வண்டிக்குப் பின்னால் 10, 100, 200 அடியில். உள்ளே ஆளே இல்லாதபோது இறங்கி யார் வைப்பார்கள்? முக்கோணங்களுக்குப் பதில் கேபினில் ஒளிரும் விளக்கை வைத்துக்கொள்கிறோம் என்று தானோட்டி வாகன நிறுவனங்களான வேமோவும் அரோராவும் 2023இல் கேட்ட விலக்கை 2024 டிசம்பரில் மத்திய மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகம் மறுத்துவிட்டது, அப்புறம் 2025 அக்டோபரில் நிபந்தனைகளோடு தற்காலிக விலக்கு வந்தது. உங்கள் வண்டிக்கு அப்படி ஒன்று கையில் இல்லாமல் ஓட்டுநரை இறக்காதீர்கள். அதோடு விளக்கு எரிந்தபடி பயணத்தைத் தொடங்கவே கூடாது, டிரெய்லர் ஏபிஎஸ் வேலை செய்யாதது சோதனையில் விதிமீறலாகத்தான் எழுதப்படும்.

தானோட்டி:
கேபிளை இழுத்துப் பார்த்தோம், நீலக் கம்பியில் வோல்ட் விழுகிறது! டிரெய்லர் சாக்கெட்டில் அந்தக் கம்பியின் பின் முனை அகன்று ஆடுகிறது. சாக்கெட்டை மாற்றியதும் அதே வளைவில் செய்தி வரவில்லை. செய்தி வந்தால் உடனே நிறுத்தும் விதியை எடுத்துவிட்டு, கேன்பஸ் சொன்ன ஒப்பீட்டைச் சேர்க்கப்போகிறோம்.

கேன்பஸ்:
சேர்க்கும்போது பழைய சாக்கெட்டைத் தூக்கிப்போடாதீர்கள். அதையே மாட்டி, கரண்டை வேண்டுமென்றே அறுத்து, மூடிய சோதனைத்தடத்தில் புது மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். உண்மையான ஏபிஎஸ் கோளாறையும் தனியாக உண்டாக்கிப் பாருங்கள், அதை மென்பொருள் தவறவிடவே கூடாது. இரண்டின் பதிவையும் பாதுகாப்பு ஆவணத்தில் சேர்த்துவிடுங்கள்.