பித்தளைத் தவலைக்கு ஈயம் பூச நல்ல ஆள் வேண்டும்

வணக்கம். மதுரை, திண்டுக்கல் பக்கம் ஈயம் பூசுகிறவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். சின்ன வயதிலிருந்து வீட்டில் இருக்கிற பித்தளைத் தவலை. வாய் 9 அங்குலம், எடை 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே ஈயம் தேய்ந்து, அடியில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் தெரிகிறது. அந்த இடத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும் என்பதால் சமையலை நிறுத்தியாயிற்று.

வேலை இப்படி நடக்க வேண்டும்: முதலில் அடியிலுள்ள நசுங்கலைத் தட்டி எடுக்கணும். பூசிய பிறகு தட்டினால் ஈயம் விட்டுப்போகும். பிறகு உட்புறத்தைச் சுத்தமாகத் தேய்த்து, கரி அடுப்பில் சூடாக்கி, நவச்சாரம் (ஈயம் ஒட்டுவதற்குத் தூவுகிற உப்பு) தூவி, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரே சீராக இழுக்கணும். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் அங்கே ஒட்டாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். சூடு அதிகமானால் கறுத்துத் திட்டுத் திட்டாகிவிடும்.

சுத்த வெள்ளீயம்தான் வேண்டும். ரேடியோ பற்றவைக்கிற ஈயக்கம்பியில் காரீயம் கலந்திருக்கும், அது விஷம். சுத்த வெள்ளீயக் கட்டியை வளைத்தால் கிறீச்சென்று சத்தம் வரும். அதை என் கண்ணெதிரே வளைத்துக் காட்டுகிறவராக இருந்தால் ரொம்ப நல்லது.

இன்னொன்று, வெளிப்பக்கம் பாலிஷ் மெஷினே படக்கூடாது. கழுத்தில் புள்ளி புள்ளியாகக் கொத்திய ஆச்சி பெயர் இருக்கிறது. கடைசி இரண்டு எழுத்து ஏற்கெனவே மழுங்கிவிட்டது. வெளியே புளியும் சாம்பலும் போதும்.

கூலி எப்படி வாங்குகிறார்கள், எடைக்கா அளவுக்கா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.