புதுப்பிப்பு: ஆயுர்வேத மையத்துக்கான ஆன்லைன் புக்கிங் மென்பொருள்

இரண்டு தெரபிஸ்ட், ஒரே எண்ணெய் சிகிச்சை அறை. இந்த அமைப்புக்கு எந்த மென்பொருள் ஒத்துவரும் என்று முன்பு கேட்டிருந்தேன். தேர்வு முடிந்துவிட்டது. பெயரைவிட எதைப் பார்த்து வடிகட்டுவது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

பாதி மென்பொருள்கள் அறை விஷயத்திலேயே அடிபட்டுப் போயின. மீட்டிங்குக்காகச் செய்தவை பெரும்பாலும் ஆள் காலியா என்று மட்டும்தான் பார்க்கும். அறை காலியா என்று பார்க்காது. 45 நிமிட அப்யங்கம் (எண்ணெய் மசாஜ்), பிறகு மேசையைத் துடைத்து விரிப்பு மாற்ற 15 நிமிடம். அந்த 15 நிமிடம் தெரபிஸ்டுக்கு மட்டுமல்லாமல் அறைக்கும் பூட்டு போட வேண்டும். இலவச சோதனைக் காலத்திலேயே இரண்டு போனில் ஒரே நேரத்தில் 10 மணிக்கு புக் செய்து பாருங்கள். இரண்டாவது போனில் 11 மணிதான் காட்ட வேண்டும்.

கூகுள் காலண்டரோடு ஐகேல் லிங்க் (காலண்டரை வேறு செயலியில் காட்டும் இணைய முகவரி) வழியாக மட்டும் இணைப்பதை நம்பாதீர்கள். அது ஒருவழி, புதுப்பிக்கப் பல மணி நேரம் ஆகலாம். கணக்கில் நுழைந்து அனுமதி தரும் இருவழி இணைப்பே சரி.

நினைவூட்டல் எஸ்எம்எஸ்: இந்தியாவில் அனுப்புநர் பெயர், வாசகம் இரண்டையும் டிஎல்டியில் (தொலைத்தொடர்பு நிறுவனங்களின் எஸ்எம்எஸ் பதிவுத் தளம்) பதிந்திருக்க வேண்டும். பெயர், நேரம் போல மாறும் இடமாகப் பதிந்தவை தவிர, வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் செய்தி போய்ச் சேராமல் போகலாம். வெளிநாட்டு மென்பொருள் என்றால் இதை முதலிலேயே கேளுங்கள்.

யுபிஐ முன்பணம் வாங்கினால், பணம் வரும்வரை அந்த நேரத்தை எத்தனை நிமிடம் பிடித்து வைக்கும், தாமதமாக வந்தால் யார் திருப்பித் தருவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் பட்டியலைப் பெரும்பாலானவர்கள் சிஎஸ்வியாக (எக்செல்லில் திறக்கும் அட்டவணைக் கோப்பு) தருவார்கள். பேக்கேஜில் மீதமுள்ள அமர்வுகளும் அதில் வருகிறதா என்று திறந்து பாருங்கள்.