புதுப்பிப்பு: அறுபத்துமூவர் அன்று அம்மாவுடன் மயிலாப்பூர்

முழங்கால் வலியுள்ள அம்மாவை, அறுபத்து மூன்று நாயன்மார்களும் வீதி உலா வரும் அறுபத்துமூவர் விழாக் கூட்டத்துக்கு அழைத்துப்போனால் எங்கே உட்கார வைப்பது என்று போன வாரம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

"காலையிலேயே போங்கள்" என்றவர்களுக்கு நன்றி. கபாலீஸ்வரர் கோயில் பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள் அது. சம்பந்தர் பதிகம் பாடி, எலும்பும் சாம்பலுமாக இருந்த பூம்பாவை என்ற பெண்ணை உயிர்ப்பித்த நிகழ்ச்சியைக் காலையில் நடத்துகிறார்கள். அதை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

மதியம்தான் சோதனை. மாட வீதிக்குள் ஆட்டோ வராது என்று யாராவது சொல்லியிருக்கலாம்! லஸ்ஸிலிருந்து மெதுவாக நடந்தோம். வடக்கு மாட வீதியில் ஒரு பாத்திரக்கடைக்காரர், "அம்மா, இப்படி வாங்க" என்று வாசல் படியில் அடுக்கியிருந்த குடங்களை நகர்த்தி இடம் கொடுத்தார். உட்கார்ந்த இடத்துக்கே நீர்மோர், பானகம், சுண்டல், மறுபடி நீர்மோர். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள்.

நாயன்மார்கள் பல்லக்குகளில் வர, அம்மா வலியை மறந்து எழுந்து நின்றார். கபாலீஸ்வரர் கடந்து போகும்வரை உட்காரவே இல்லை.

ஒரே நஷ்டம், என் இடது செருப்பு. வலது பத்திரமாக இருக்கிறது.