செப்பாங்கில் இடப்பக்கத் திருப்பங்களில் மட்டும் பின்சக்கரம் வீணாகச் சுற்றுகிறது: டிஃப் மாற்ற வேண்டுமா?

கிள்ளான்வாசி (கேள்வி)

வணக்கம். என் வண்டி 1991 யூனோஸ் ரோட்ஸ்டர் (மாஸ்டாவின் இரண்டு இருக்கை, பின்சக்கர இழுவை வண்டி), 1.6 இன்ஜின், ஐந்து கியர், ஜப்பானிலிருந்து இறக்குமதியானது. வாங்கும்போதே விஸ்கஸ் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருப்பதாகச் சொன்னார்கள். அதாவது இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்; ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் கெட்டித் திரவத்தால் தடுக்கும் வகை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மலேசியாவின் செப்பாங் பந்தயக் களத்தில் ஓட்டுகிறேன். பந்தயம் இல்லை, ஆசைக்காக மட்டும்.

பிரச்சினை இதுதான். 2, 9, 15 ஆகிய திருப்பங்களிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சுழற்சி முள் 4,500-லிருந்து 6,500-க்குத் துள்ளுகிறது. வண்டியோ நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கிறது. இடது பின்சக்கரம் வெறுமனே சுற்றுகிறது. 4-ஆம் திருப்பத்திலும் 14-ஆம் திருப்பத்திலும் இந்தத் தொல்லை இல்லை. 15-ஐ மூன்றாம் கியரில் எடுத்துப் பார்த்தேன். சக்கரம் சுற்றவில்லை, ஆனால் இன்ஜின் மூச்சு வாங்குகிறது. பின்னால் வந்த மைவி (சிறிய குடும்பக் கார்) கூட முந்திப் போய்விட்டது.

பட்டறையில் காட்டினேன். ஏற்றிப் பார்க்காமலேயே பிளேட் டிஃப் (உள்ளே உராய்வுத் தட்டுகள் அழுத்தி இரண்டு சக்கரத்தையும் பூட்டும் வகை) போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். சொன்ன விலை என் ஒரு மாதச் சம்பளம். போடலாமா?

இரண்டாம்கியர்

யோசிக்காமல் போடுங்கள். டூ-வே பிளேட் டிஃப். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் இரண்டு சக்கரமும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும். என் வண்டியில் நான்கு வருடமாக இருக்கிறது. வாகன நிறுத்துமிடத்தில் திரும்பும்போது கடகடவென்று சத்தம் வரும், அம்மா ஏற மறுப்பார், அவ்வளவுதான்.

மழைத்தடம்

இரண்டாம்கியர், உங்கள் வண்டி சறுக்கல் ஓட்டத்துக்கு, அவருடையது களத்துக்கு. டூ-வே டிஃப் பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழையும்போதும் பூட்டும். 120 குதிரைத்திறன் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். செப்பாங்கில் மதியம் மூன்று மணிக்கு இடியுடன் மழை வந்துவிட்டால் அந்த டிஃப்போடு 5, 6 திருப்பங்களில் போய்ப் பாருங்கள், பிறகு பேசலாம். பிளேட் வேண்டுமானால் ஒன்-வே (மிதிக்கும்போது மட்டும் பூட்டுவது) அல்லது 1.5 வகை (விடும்போது குறைவாகப் பூட்டுவது). ஆனால் அதற்கு முன் கிள்ளான்வாசியிடம் ஒரு கேள்வி: சஸ்பென்ஷனில் என்ன மாற்றியிருக்கிறீர்கள்?

கிள்ளான்வாசி

அக்கா, காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் தொகுப்பு) போட்டு ஏறத்தாழ நான்கு செ.மீ. தாழ்த்தியிருக்கிறேன். பின்பக்கம் ஒரு தடித்த ஆன்டி-ரோல் பாரும் (இடது, வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) உண்டு. முன்பக்கம் கம்பெனி பார்தான். வண்டி சுறுசுறுப்பாகத் திரும்ப வேண்டும் என்று போட்டது. திரும்புகிறது என்னவோ உண்மை.

தைப்பிங்காரர்

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. 2, 9, 15 மூன்றும் இடப்பக்கத் திருப்பங்கள், மூன்றும் மெதுவானவை. வலது கை ஸ்டீயரிங் வண்டியில் நீங்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள், இடப்பக்க இருக்கை காலி. இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கம் சாய்கிறது, உங்கள் எடையும் அங்கேயே இருக்கிறது. இடது பின்சக்கரம்தான் வண்டியிலேயே லேசான சக்கரம். அதன்மேல் தடித்த பின் பார் வேறு. வெளிச்சக்கரம் அமுங்கும்போது அந்தப் பார் உள்சக்கரத்தையும் சேர்த்துத் தூக்குகிறது. குட்டை காயில்ஓவரில் சக்கரம் கீழே தொங்குவதற்கும் இடம் குறைவு.

செலவில்லாமல் இரண்டு காரியம் செய்யுங்கள். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் விட்டிருக்க வேண்டும், கியர் விழுந்திருக்க வேண்டும், முன்சக்கரங்களுக்குக் கட்டை. ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். கெட்டித் தேனில் கரண்டியைக் கிளறுவதுபோல் கனத்தால் விஸ்கஸ் உயிரோடு இருக்கிறது. தண்ணீரில் கிளறுவதுபோல் சுற்றினால் அது செத்து நாளாகிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலான பொருள், உள்ளே இருக்கும் சிலிகான் திரவம் மூடிய பெட்டிக்குள் இருப்பது, பழுது பார்க்க முடியாது.

இரண்டாவது, அடுத்த முறை களத்துக்குப் போகும்போது பின் ஆன்டி-ரோல் பாரின் ஒரு பக்க லிங்கை (பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு) கழற்றி, எதிலும் இடிக்காதபடி கட்டுக்கம்பியால் கட்டிவிடுங்கள். ஒரு பக்கம் கழன்றாலே பார் வேலை செய்யாது. முதல் இரண்டு சுற்று மெதுவாகப் போங்கள், வண்டியின் குணம் மாறியிருக்கும். 15-ஆம் திருப்பத்தின் அருகே நண்பர் யாரையாவது நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

தைப்பிங் அண்ணா சொன்ன படம் மிக முக்கியம். சக்கரம் லேசாகிறதா, தரையை விட்டே கிளம்புகிறதா என்பதில்தான் எந்த டிஃப் வாங்குவது என்பது இருக்கிறது.

பிளேட்டுக்கு மாற்றாக டார்சன் என்றொரு பல்சக்கர வகை உண்டு. டார்சன் வகை டிஃப் முறுக்குவிசையைப் பெருக்கிக் கொடுக்கிறது. பிடிப்பு குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அதைப்போல் இத்தனை மடங்கு மற்றச் சக்கரத்துக்குப் போகும். மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்சக்கரம் லேசாக இருந்து 100 நியூட்டன்-மீட்டர் தாங்கினால் வெளிச்சக்கரத்துக்கு 300 கிடைக்கும். உள்சக்கரம் காற்றில் தொங்கினால்? பூஜ்யத்தின் மூன்று மடங்கு பூஜ்யம். அந்த நொடியில் டார்சன் சாதாரண டிஃப்தான். இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டால் அந்தச் சக்கரத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்பு கிடைத்து டார்சன் விழித்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அப்படி ஓட்டுவது வேதனை.

பிளேட் வகைக்கு உள்ளேயே அழுத்தம் இருப்பதால் சக்கரம் தொங்கினாலும் வெளிச்சக்கரத்துக்கு விசை போகும். பட்டறையார் அதனால்தான் பிளேட் என்றிருக்கலாம். ஆனால் தொங்கும் சக்கரத்தைக் கீழே இறக்குவது இலவசம்.

மூன்றாம் கியர் விஷயத்துக்கும் கணக்கு இருக்கிறது. உங்கள் பெட்டியில் இரண்டாம் கியர் 1.888, மூன்றாம் கியர் 1.330, டிஃப் விகிதம் 4.3 (சக்கரம் ஒரு முறை சுற்ற, டிஃப்புக்குள் வரும் தண்டு 4.3 முறை சுற்றும்). உங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.81 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் இரண்டாம் கியரில் சுமார் 4,500 சுழற்சி, மூன்றாம் கியரில் 3,150. இந்த இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 5,500-இல். மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

இரண்டாம்கியர்

சரி, டூ-வேயை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஆறு அங்குல டிஃப்பில் எதைப் போட்டாலும் வீண் செலவு என்பதில் மாற்றமில்லை.

மழைத்தடம்

அதில் இரண்டாம்கியர் சொல்வது சரி. 1.6 வண்டிகளில் வந்தது சிறிய, ஆறு அங்குல கிரவுன் (டிஃப்புக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) கொண்ட டிஃப். 1.8 இன்ஜின் வந்தபோது மாஸ்டா அதை ஏழு அங்குலமாக்கியது, டார்சனும் அதோடு வந்தது. நல்ல டயரோடு களத்தில் ஓட்டுகிறவர்கள் பெரியதற்கு மாறிவிடுவது வழக்கம். மாற்றுவதானால் டிஃப் மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். இரண்டு ஹாஃப் ஷாஃப்ட்களும் (டிஃப்பிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் தண்டுகள்) புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் (கியர்பாக்ஸிலிருந்து டிஃப்புக்கு வரும் தண்டு) அதே 1.8 வண்டியிலிருந்து வர வேண்டும், சிறிய டிஃப்பின் பாகங்கள் பெரியதில் பொருந்தாது. நான் ஒரு முறை ஷாஃப்ட்டை மறந்துவிட்டு ஈப்போவுக்கு இரண்டாம் தடவை ஓடியிருக்கிறேன்.

கிள்ளான்வாசி (மூன்று வாரம் கழித்து)

இரண்டு சோதனையும் முடிந்தது.

ஜாக்கியில் ஏற்றிச் சுற்றினேன். தேனும் இல்லை, தண்ணீரும் இல்லை, காற்று. என் எட்டு வயது மகள் ஒரு விரலால் சுற்றினாள். விஸ்கஸ் செத்துவிட்டது.

களத்தில் முதல் அமர்வு பாருடன், இரண்டாவது அமர்வு பார் இல்லாமல். தம்பி எடுத்த படத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது: 15-இல் இடது பின்சக்கரத்துக்கும் தார்த்தளத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது, வண்டி காலைத் தூக்கிய நாய்போல நிற்கிறது. பாரைக் கழற்றிய பிறகு சக்கரம் தரையில்தான் இருக்கிறது. துள்ளல் பாதிக்கு மேல் குறைந்தது. 9-இல் மட்டும், மேட்டில் ஏறிக்கொண்டே திரும்புவதால், இன்னும் கொஞ்சம் சுற்றுகிறது. 5, 6-இல் முன்பக்கம் இப்போது சற்று வெளியே தள்ளுகிறது, அது எனக்குப் பரவாயில்லை. சுற்று நேரம் ஒன்றரை வினாடி குறைந்தது, ஒரு சென் செலவில்லாமல்.

எனவே டார்சன் என்று முடிவு செய்துவிட்டேன். ஹாஃப்கட் கடையில் (வெட்டிப் பிரித்த பழைய இறக்குமதி வண்டிகளின் பாகங்கள் விற்கும் கடை) 1.8 வண்டியின் முழுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. 4.3 என்கிறார்கள். நம்பலாமா?

தைப்பிங்காரர்

நம்ப வேண்டாம், எண்ணுங்கள். 4.3 என்றால் 43 பல் கிரவுன், 10 பல் பினியன் (கிரவுனைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்). 4.1 என்றால் 41-க்கு 10. ஆறு கியர் வண்டியிலிருந்து வந்த 3.909 என்றால் 43-க்கு 11. இரண்டு பக்க அச்சையும் ஒருவர் சேர்த்துச் சுற்றட்டும், நீங்கள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பொருந்தும் உள்ளீட்டுத் தட்டில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணுங்கள். பத்துச் சுற்றுக்கு எத்தனை வருகிறதோ அதுதான் பதில். ஜப்பானில் 1.8 வண்டி முதலில் 4.1-உடன் வந்தது, 1995 ஆகஸ்ட்டில் வந்த இரண்டாம் தொடரில்தான் 4.3 ஆனது. இரண்டும் கடையில் ஒரே மாதிரிதான் கிடக்கும்.

இன்னொன்று. டிஃப் ஒன்று, கிரவுன் பினியன் வேறொன்று என்று கலந்து வாங்காதீர்கள். பற்களின் இடைவெளியைத் தகடு வைத்துச் சரிசெய்யத் தெரிந்த ஆள் இல்லையென்றால் நெடுஞ்சாலை முழுக்க ஊளையிடும்.

கிள்ளான்வாசி

எண்ணினோம். 41. கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு 4.3-க்கும் 4.1-க்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்றார். பற்கள் சுத்தமாக இருக்கின்றன, எண்ணெயில் இரும்புத் துகள் இல்லை, ஷாஃப்ட்கள் எல்லாம் இருக்கின்றன. வாங்கவா, 4.3-க்குக் காத்திருக்கவா?

கணக்குப்பிள்ளை

காத்திருங்கள். கிட்டத்தட்ட ஐந்து சதவீத இழுவையை விட்டுக்கொடுக்கிறீர்கள், சிறிய இன்ஜினுக்கு அது தெரியும்.

மழைத்தடம்

நான் மாறுபடுகிறேன். டிஃப் விகிதத்தைக் காகிதத்தில் தேர்ந்தெடுக்கக் கூடாது, கியர் மாற்றும் இடம் களத்தில் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கிள்ளான்வாசி, 3-ஆம் திருப்பம் தாண்டி 4-க்குப் போகும் ஏற்றத்தில் நீங்கள் நான்காம் கியர் போடுகிறீர்களா?

கிள்ளான்வாசி

போடுகிறேன். போட்ட உடனே பிரேக் பிடித்து மறுபடியும் கீழே இறக்குகிறேன். அங்கே எனக்கு எப்போதும் அவசரம்தான்.

மழைத்தடம்

அதைத்தான் எதிர்பார்த்தேன். 4.3-இல் மூன்றாம் கியர் 7,000 சுழற்சியில் 133 கி.மீ. அளவில் முடிந்துவிடுகிறது. 4.1-இல் 139 வரை போகும். பிரேக் இடம் வரை மூன்றிலேயே போய்விடலாம், இரண்டு கியர் மாற்றம் மிச்சம். நான்காம் கியரின் உச்சம் 177-லிருந்து 185 ஆகும். நீள் பாதைகளில் உங்கள் வண்டி எப்படியும் அதற்குள்தான் நிற்கும். 15-இலிருந்து வெளியேறும்போது இழுவை கொஞ்சம் குறையும், ஆனால் அங்கே உங்களுக்கு இருந்த பிரச்சினை விசை அதிகமாகிச் சக்கரம் சுற்றுவதுதான்.

கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன், அந்த ஏற்றத்தை நான் யோசிக்கவில்லை. எண்ணெய் விஷயத்தில் மட்டும் கவனம்: சிறிய டிஃப் 0.65 லிட்டர் குடிக்கும், இது 1 லிட்டர். எண்ணெய் வகை 75டபிள்யூ-90, தரம் ஜிஎல்-5. பிளேட் டிஃப் எண்ணெயில் கலக்கும் கூட்டுப்பொருள் டார்சனுக்குத் தேவையில்லை.

கிள்ளான்வாசி (ஒரு மாதம் கழித்து)

4.1 பொருத்தியாயிற்று. 9-இல் முழுதாக மிதிக்கிறேன், வண்டி கிளம்புகிறது. 15-இல் முன்பைவிடச் சற்றுத் தாமதமாக, ஸ்டீயரிங்கை நேராக்கிக்கொண்டே மிதிக்கப் பழகுகிறேன். டார்சன் வந்த பிறகு அவசரப்பட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சறுக்குகின்றன. 3-க்கும் 4-க்கும் நடுவே கியர் மாற்றுவதில்லை.

ஒரு சந்தேகம் மிச்சம். நெடுஞ்சாலையில் தம்பியின் காரைப் பின்தொடர்ந்தபோது அவன் 110 என்றான், என் முள் 105 காட்டியது.

தைப்பிங்காரர்

வேகமானி கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிறது தம்பி, டிஃப்பை மாற்றியது அதற்குத் தெரியாது. கியர்பாக்ஸ் பக்கத்தில் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும். மாற்றும்வரை கேமரா இருக்கும் இடங்களில் முள் 100-ஐத் தாண்ட விடாதீர்கள்.

இரண்டாம்கியர்

அந்தத் தடித்த பின் பாரை விற்பீர்களா?