மானிட்டரில் க்யூஆர்எஸ் அகலமாக ஓடுகிறது, வி.டி.யா? அவசரம்

இரவுப்பணி: வார்டில் ஒருவருக்குத் திடீரென்று க்யூஆர்எஸ் (கீழறைத் துடிப்பைக் காட்டும் கூர் அலை) எல்லாம் அகலமாகிவிட்டது. வேகம் நிமிடத்துக்கு 170, சீராக ஓடுகிறது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாயிற்று. வி.டி.யா (கீழறையிலிருந்தே கிளம்பும் வேகத் துடிப்பு), எஸ்.வி.டி.யா (கீழறைக்கு மேலிருந்து கிளம்புவது), எப்படிப் பிரிப்பது?

செல்வி ஐசியூ: பிபி எவ்வளவு சிஸ்டர்? பேசுகிறாரா? வயது? முன்பு அட்டாக் வந்தவரா? 12 லீட் ஈசிஜி எடுத்தீர்களா? முதலில் ஷாக் மெஷினைக் கட்டில் பக்கம் கொண்டுபோய் வையுங்கள்.

ஈசிஜி கருப்பையா: லீட் (உடம்பில் ஒட்டும் ஒயர்) கழன்றிருக்கும். கை நடுங்கினாலும் பல் தேய்த்தாலும்கூட வி.டி. மாதிரியே வரும். அந்தக் கிறுக்கலுக்குள் ஒல்லியான க்யூஆர்எஸ் சம இடைவெளியில் தெரிகிறதா பாருங்கள்.

பழைய கார்டியோ: இதைப் படிக்காமல் எப்படி மானிட்டர் பார்க்க உட்காருகிறீர்கள்? இதய மருத்துவர் புருகாடா இதைப் பிரிக்கும் வழியை 1991-லேயே நான்கு படிகளாகச் சொல்லிவிட்டார். மார்பு லீடுகளான வி1 முதல் வி6 வரை எதிலும் ஆர்எஸ் வடிவம் (மேலேறும் ஆர், அடுத்துக் கீழிறங்கும் எஸ்) இல்லையென்றால் வி.டி. இருந்தால், ஆர் தொடங்கும் இடத்திலிருந்து எஸ்ஸின் அடி வரை அளக்க வேண்டும். ஏதாவது ஒரு லீடில் 100 மில்லி செகண்டை, அதாவது இரண்டரைச் சிறு கட்டத்தைத் தாண்டினாலும் வி.டி.தான். அப்புறம் பி அலை (மேலறைத் துடிப்பைக் காட்டுவது) க்யூஆர்எஸ்ஸோடு சேராமல் தன்பாட்டுக்கு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில்தான் வி1, வி6 வடிவம்.

ஹவுஸ்சர்ஜன் முத்து: சீராக ஓடினால் எஸ்.வி.டி.யும் கிளைத் தடையும் (கீழறை மின்பாதையின் கிளையில் அடைப்பு) சேர்ந்ததாக இருக்கும். வெரபமில் ஊசி மருந்து போட்டால் நின்றுவிடும்.

செல்வி ஐசியூ: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வி.டி.யாக இருந்தால் வெரபமில் பிபியைச் சாய்த்துவிடும், இதயமே நின்றுபோகலாம். சந்தேகம் என்றால் வி.டி. என்றே எடுக்க வேண்டும்.

ஹவுஸ்சர்ஜன் முத்து: ஃபாசிகுலர் வி.டி.க்கு (கீழறை மின்பாதைக் கிளையிலிருந்து கிளம்பும் வகை) வெரபமில்தானே மருந்து?

பழைய கார்டியோ: அது பெரும்பாலும் இதயத்தில் வேறு கோளாறு இல்லாத இளைஞர்களுக்கு வருவது. அதையும் உறுதி செய்துகொண்டுதான் கொடுப்பார்கள். யாரென்றே தெரியாத நோயாளிக்கு அல்ல. செல்வி சொல்வதுதான் சரி.

ஈசிஜி கருப்பையா: லீட் பார்த்தீர்களா இல்லையா?

இரவுப்பணி: லீட் சரியாகத்தான் இருந்தது. வயது 62, முன்பே அட்டாக் வந்தவர். பிபி 80/50 ஆகி வியர்த்துக் கொட்டியது. டாக்டர் வந்து சிங்க் போட்டு (க்யூஆர்எஸ்ஸோடு நேரம் பொருந்தும்படி) 100 ஜூல் ஷாக் கொடுத்தார், சைனஸ் (இயல்பான துடிப்பு) வந்துவிட்டது. ஐசியூவுக்கு அனுப்பியாயிற்று. ஷாக்குக்கு முந்தைய ஈசிஜி ஸ்ட்ரிப்பில் அகலமானவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் ஒல்லியாக இருக்கிறதே, அது என்ன?

செல்வி ஐசியூ: கேப்ச்சர் பீட். மேலறைத் துடிப்பு ஒன்று இடையில் புகுந்து கீழறையைப் பிடித்துக்கொண்டது. அது இருந்தாலே வி.டி. என்று நம்பலாம். அந்த ஸ்ட்ரிப்பைத் தொலைக்காமல் கேஸ் ஷீட்டில் ஒட்டி அனுப்புங்கள் சிஸ்டர், கார்டியாலஜியில் கேட்பார்கள்.