புதுப்பிப்பு: சூடானதும் ஸ்பார்க் போன ஏசி சிடிஐ வண்டி

முந்தைய கேள்வி இதுதான்: பேட்டரி தேவைப்படாத ஏசி சிடிஐ (கெப்பாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தை ஒரேயடியாக விட்டுப் பொறி உண்டாக்கும் அமைப்பு) வண்டி, காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரம் ஓடியதும் அணைகிறது, ஆறும்வரை பிளக்கில் பொறியே இல்லை.

வேறு சிடிஐ பெட்டி மாட்டியும் மாற்றமில்லை. இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் வயரைக் கழற்றியும் அதே கதை. பழுது மேக்னட்டுக்குள் (இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் பகுதி), எக்ஸைட்டர் காயிலில். சிடிஐக்குள் இருக்கும் சுமார் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 200 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுவது அதுதான். பொறி விழும் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயிலின் சிக்னல் வந்ததும் எஸ்சிஆர் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் வழிவிட்டு, அந்தச் சார்ஜ் பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் இக்னிஷன் காயிலின் பிரைமரியில் (முதல் சுற்றில்) பாய்கிறது. கெப்பாசிட்டரே ஏறாதபோது பல்சர் நன்றாக இருந்து என்ன பயன்?

ஆறிய வண்டியில் எக்ஸைட்டர் காயிலின் ஓம் (ரெசிஸ்டன்ஸ்) சரியாகவே காட்டும், அங்கேதான் பலர் ஏமாறுவது. அணைந்த உடனே அளக்க வேண்டும். செம்புக் கம்பி 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் கால் பங்கு உயர்வது இயல்பு. இங்கே மீட்டர் ‘ஓஎல்’ காட்டியது, அதாவது சுற்று அறுந்திருக்கிறது: மயிரளவு கம்பி சால்டர் முனையருகே விட்டுப்போய், சூட்டில் விரிந்ததும் பிரிகிறது.

காயில்கள் பொருத்தியிருக்கும் ஸ்டேட்டர் பிளேட்டைக் கழற்றும் முன் இன்ஜின் கேசில் குறி போடுங்கள். இடம் மாறினால் டைமிங்கும் மாறும். பொறி பார்க்கும்போது பிளக் உடல் இன்ஜினைத் தொட்டே இருக்கட்டும், இல்லாவிட்டால் இக்னிஷன் காயிலின் இன்சுலேஷன் ஓட்டையாகலாம்.