14 இஞ்ச் பிளேடு: கருப்புக் கல் அறுபடுது, பாரடைசோவில் பொறி பறக்குது

புதுப்பட்டறை:
கிருஷ்ணகிரி பக்கம் கிச்சன் மேடைக்கு மட்டும் சின்னப் பட்டறை. 5 எச்.பி. மோட்டார், 14 இஞ்ச் பிளேடு. குன்னம் கருப்பு கிரானைட் 18 எம்.எம். சுத்தமா அறுபடுது. பாரடைசோ கிரானைட் வச்சா நாலடி தாண்டினதும் பிளேடு நகர மாட்டேங்குது, பொறி பறக்குது, அடிப்பக்க ஓரம் அரிசி அரிசியாப் பெயருது. பிளேடு புதுசு. என்ன தப்பு?

கல்லறுப்பு:
மெயினை அணைச்சுட்டு செக்மென்ட்டை, அதான் பிளேடு ஓரத்தில் வைரத்தூள் பதிச்ச உலோகத் துண்டை, தடவிப் பாருங்க. உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கணும். வழவழன்னு இருந்தா வைரம் மழுங்கி, உலோகம் மூடிக்கிச்சுன்னு அர்த்தம். வைரத்தை மழுக்குற கெட்டித் தாது குவார்ட்ஸ்தான். கருப்புக் கல்லில் அது ரொம்பக் கம்மி, அதனால் அங்கே தெரியலை. மோட்டார் ஆர்.பி.எம். எவ்வளவு? புல்லி என்ன சைஸ்?

புதுப்பட்டறை:
வழவழன்னுதான் இருக்கு அண்ணே. மோட்டார் 2880. ரெண்டு புல்லியும் 5 இஞ்ச்.

கல்லறுப்பு:
அதுதான் தம்பி. இந்த பிளேடு ஒரு சுத்துக்கு 1.12 மீட்டர் ஓடும். 2880-ல் நொடிக்கு 53 மீட்டருக்கு மேல. கிரானைட்டுக்கு 30 முதல் 35 போதும். வேகம் கூடினா வைரம் கல்லைக் கடிக்காது, தேய்ச்சுட்டே போகும். அந்தச் சூட்டில்தான் பொறி.

ஸ்பிண்டில் (பிளேடு மாட்டுற தண்டு) பக்கம் 8 இஞ்ச் புல்லி போடுங்க. 1800 ஆர்.பி.எம். வரும், நொடிக்கு 33 மீட்டர். பழைய பெல்ட் எட்டாது, 5 இஞ்ச் கூட நீளமா வாங்கணும். புல்லி கவரில் இடிக்குதான்னு கையால் சுத்திப் பார்த்துட்டு ஓட்டுங்க. அப்புறம் தண்ணியோட ஒரு சிமென்ட் சாலிட் பிளாக்கில் 1 செ.மீ. ஆழத்துக்குப் பத்து கோடு இழுங்க, மூடின வைரம் வெளியே வரும். அடுத்த பிளேடு வாங்கும்போது சாஃப்ட் பாண்ட் (வைரத்தைப் பிடிச்சிருக்கிற உலோகம் சீக்கிரம் தேயுற ரகம்) கேட்டு வாங்குங்க.

மேடைவேலை:
ஓரம் பெயருறதுக்குத் தாங்கலும் காரணமா இருக்கலாம். வெட்டுக்கோட்டின் ரெண்டு பக்கமும் கல்லுக்கு அடியில் பலகை இருக்கணும். இல்லேன்னா கடைசி ஆறு இஞ்சில் துண்டு தன் கனத்திலேயே தொங்கி ஒடியும். பாரடைசோவை ஒரே இறக்கில் அறுக்காதீங்க, 6 எம்.எம். வீதம் மூணு இறக்கு. தண்ணி பிளேடின் ரெண்டு முகத்திலும் விழணும்.

சிங்க் கட்டிங்கில் நாலு மூலையிலும் முதல்ல கோர் பிட்டால் (வட்டமா அறுக்கிற குழாய் பிட்) ஓட்டை போடுங்க, பிளேடு அந்த ஓட்டையில் வந்து நிக்கட்டும். மூலையைத் தாண்டி ஒரு கீறல் போனாலும் தூக்கும்போது அங்கேதான் விரிசல் விடும்.

புதுப்பட்டறை:
ரொம்ப நன்றி. மோல்டிங்கை (மேடை ஓரத்தை உருட்டி வடிவமாக்குறதை) 4 இஞ்ச் கிரைண்டரில் தண்ணியில்லாம செய்யலாமா? ஷாக் பயம்தான்.

மேடைவேலை:
வேண்டவே வேண்டாம். பறக்கிற தூளில் சிலிக்கா இருக்கு. அதனால வர்ற நுரையீரல் நோய் சிலிகோசிஸ், வந்தா குணப்படுத்த மருந்து கிடையாது, கைக்குட்டை கட்டினாலும் தடுக்காது. கரண்ட் இல்லாம கம்ப்ரசர் காத்தில் சுத்துற, தண்ணி விடுற பாலிஷர் வாங்குங்க, ஷாக் பேச்சே இல்லை. கம்ப்ரசரை ஈரம் படாத இடத்தில் வைங்க. மத்த மெஷின் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே லைனை அணைக்கிற சுவிட்ச்) கட்டாயம். தரையில் விழுந்த சேறு காயுறதுக்குள்ள கழுவி விடுங்க. காஞ்சு மிதிபட்டா அதே தூள்தான் மூச்சில் ஏறும்.